அணிலின் காருக்கு ஆமை டிரைவர்

ஒரு காட்டில், நாலுவழிச் சாலை போட்டது போக மிச்சம் நின்ற மரங்களில் ஒன்றில், வாலாம்பிகை என்றோர் அணில் இருந்தாள். சின்ன வயசு. நர்ஸ் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் ஆஸ்பத்திரி வைத்திருந்த கழுகு டாக்டர் அவளுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு ஊசி போட வேண்டும், முள்ளம்பன்றி உட்பட.

"சொந்தக் கார் வேணும்மா. அதுக்கு இன்சூரன்ஸும் வேணும். ரெண்டும் இருந்தா திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோ. இல்லேன்னா சொல்லிடு, ஒரு கீரிப்பிள்ளை வாசல்லயே நிக்குறா" என்றார் டாக்டர்.

வாலாம்பிகை கடன் உடன் வாங்கி ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கிவிட்டாள். இன்சூரன்ஸுக்கு, சாலையோரம் புதுசாகக் கிளை திறந்திருந்த 'ஆலவிழுது காப்பீட்டு நிறுவன'த்துக்குப் போனாள். மேனேஜர் சம்புலிங்கம் என்ற நரி. டை கட்டியிருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"எனக்கு வயசு கம்மி சார். லைசென்ஸ் வாங்கியும் ரொம்ப நாள் ஆகலை. முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள் அணில்.

"அதனாலென்னம்மா? இளங்கன்று பயமறியாது, எங்க கம்பெனியும் பயமறியாது. இடி விழட்டும், யானை வந்து உட்காரட்டும், நாங்க இருக்கோம்!"

பணத்தைக் கட்டி பாலிசியை வாங்கிக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவிக் குதித்தபடி வீடு வந்து சேர்ந்தாள். அன்று ராத்திரி முழுக்க அவள் கனவில் ஹாரன் சத்தம்தான்.

மறுநாள் காலையில் போன் வந்தது. சம்புலிங்கம்தான்.

"அம்மா, உங்களுக்கு வயசு கம்மின்னு இப்பத்தான் தெரிய வந்துச்சு."

"நான்தானே சார் சொன்னேன்?"

"சொன்னீங்க. நானும் கேட்டேன். ஆனா கம்ப்யூட்டருக்குக் காது இல்லையே? அதுக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சிருக்கு. தொகை இரட்டிப்பு ஆகுது."

மழைக்காலத்துக்கென்று பதுக்கி வைத்திருந்த கொட்டைகளை எல்லாம் விற்று வாலாம்பிகை கட்டினாள். வேலை கிடைத்தால் கொட்டை கிடைக்காதா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மத்தியானம் மறுபடியும் போன்.

"உங்க போட்டோவைப் பார்த்தோம். முதுகுல மூணு கோடு இருக்கே?"

"அணில்னா இருக்கும் சார்."

"ரேஸ் வண்டிக்குத்தான்மா கோடு போடுவாங்க. வண்டியில மாற்றம் செஞ்சா எங்ககிட்ட சொல்லணும்னு விதி."

"கோடு கார்ல இல்லை சார், என் முதுகுல இருக்கு!"

"நீங்க கார்லதானே இருக்கப் போறீங்க?"

அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு ஸ்வெட்டர் போட்டு வேறு போட்டோ எடுத்து அனுப்பினாள். சாயங்காலம் கடைசிப் போன் வந்தது.

"கோட்டை மறைச்சிருக்கீங்க. மறைச்சா மோசடி. பாலிசி ரத்து. ஆலவிழுதைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி."

வேறு கம்பெனிகளுக்கு ஓடினாள். கரடி கம்பெனியில் கேட்டார்கள்: "இதுக்கு முன்னாடி எவராவது உங்க பாலிசியை ரத்து பண்ணியிருக்காங்களா?" பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. "ஆமாங்க" என்றாள். கதவைச் சாத்தினார்கள். காட்டெருமை கம்பெனியிலும் அதே கேள்வி, அதே பதில், அதே கதவு. இத்தனைக்கும் அவளுடைய கார் வாங்கி நிறுத்திய இடத்தைவிட்டு ஒரு முழம்கூட நகரவில்லை.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்த கூர்மநாதர் என்ற ஆமை தலையை வெளியே நீட்டி, "ஏன் தாயி அழுவுற?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவ்வளவுதானா? என்னை டிரைவர்னு எழுதிக்கோ. நீ பக்கத்துல உட்காரு."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா தாத்தா?"

"லைசென்ஸ் இருக்கு. அந்தக் காலத்துல கேட்டவனுக்கெல்லாம் குடுத்தான். ஓட்டித்தான் பார்த்ததில்லை."

இருவரும் ஆலவிழுதுக்கே திரும்பிப் போனார்கள். ஆமையைக் கண்டதும் சம்புலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். வயது நூற்றுச் சொச்சம்! ஒரு விபத்து இல்லை! வேகமாகப் போனதாக ஒரு பிராது இல்லை! இருப்பதிலேயே குறைந்த தொகைக்குப் பாலிசி போட்டு, ஒரு காலண்டரும் கொடுத்தார். கூர்மநாதர் மட்டும்தான் ஓட்டலாம் என்பது நிபந்தனை.

திங்கட்கிழமை காலை புறப்பட்டார்கள். ஆமைக்குக் கால் எட்டவில்லை. உயரத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை கட்டிக்கொள்ளலாம் என்று தேடினால், ஒரே ஒரு சிரட்டைதான் கிடைத்தது. அதை ஆக்சிலேட்டர் காலில் கட்டிக்கொண்டார்.

"பிரேக்குக்கு, தாத்தா?"

"அவசியப்பட்டா பார்த்துக்கலாம்."

கார் சீறிக் கிளம்பியது. வாலாம்பிகையின் வால் பின்சீட்டுக்குப் போய்விட்டது.

"தாத்தா, மெதுவா!"

"மெதுவாவா? பொறந்ததுலேர்ந்து மெதுவாத்தானே போனேன்! எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க தாயி. ஒரு நத்தைகூட என்னைப் பார்த்து ஒதுங்கச் சொல்லிச்சு!" என்று கத்தினார் கூர்மநாதர். மான்களைத் தாண்டினார். சிறுத்தையைத் தாண்டி, அதற்குக் கையும் காட்டினார்.

"தாத்தா, ரோடு வளையுது!"

"வளையறது ரோட்டோட இஷ்டம்!"

ரோடு வளைந்தது, கார் வளையவில்லை. நேரே போய் ஆலவிழுது கிளை அலுவலகத்தின் காம்பவுண்டுச் சுவரை இடித்துச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

ஆமை ஓட்டுக்குள் போய்விட்டார். அணிலுக்கு ஒரு கீறலும் இல்லை. கார் போச்சு, வேலை போச்சு, கீரிப்பிள்ளை ஊசியைக் கையில் எடுத்திருப்பாள். டீ டம்ளரோடு சம்புலிங்கம் ஓடிவந்தார். உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று அவள் முன்னால் போனாள்.

"சார், தப்பு எங்க மேலதான். தாத்தா ரொம்ப வேகமா—"

"இருங்கம்மா, கம்ப்யூட்டரைக் கேட்கலாம்." உள்ளே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அவர் வயசுக்குத் தப்பு பண்ண வாய்ப்பே இல்லைன்னு சொல்லுது."

"அப்போ யார் பண்ணது?"

நரி சுவரைச் சுற்றி வந்தார். ஒரு செங்கல்லை எடுத்து முகர்ந்தார். "இதைக் கட்டினது எப்போ? போன மாசம்தான். அடடா, சின்ன வயசு! அதான் குறுக்கே பாய்ஞ்சிருக்கு."

"சுவர் எப்படி சார் பாயும்?"

"இளரத்தம்மா! என்ன வேணா பண்ணும்!"

அங்கேயே, அப்போதே, சுவரின் பாலிசி ரத்தானது. காரைக் கம்பெனி செலவிலேயே கையோடு சரிசெய்து கொடுத்தார்கள். இளைஞர்களின் அத்துமீறலை அமைதியாகத் தாங்கிக்கொண்ட மூத்த ஓட்டுநர் என்று கூர்மநாதருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை அவர் அப்படியே ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்படீன்னா இனிமே நானே ஓட்டலாமா சார்?" என்று வாலாம்பிகை மெல்லக் கேட்டாள்.

"விபத்து நடந்த வண்டியில உட்கார்ந்திருந்தவங்க நீங்க. உங்களை எப்படிம்மா நம்பறது?" என்றார் சம்புலிங்கம்.

வேலை மட்டும் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவ்வளவு நடந்தும், தாத்தா விட்ட வேகத்தில் அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவள்தான். இன்றைக்கும் கூர்மநாதர்தான் ஓட்டுகிறார். வாலாம்பிகை கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஊசி போட வந்தவளை நோயாளிகள்தான் கைத்தாங்கலாக இறக்கி, தண்ணீர் கொடுத்து, "பயப்படாதே கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று முதுகைத் தடவி விடுகிறார்கள்.

நீதி: நிதானமே பிரதானம். நிதானமானவர் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், அப்புறம் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம்.