மூணுசுழி அக்காவுக்குப் பயந்த காலம்

வேலைக்கு வைத்த முதலாளியே வேலைக்கு வந்தவரைப் பார்த்து மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்ட வீடு, திண்டிவனம் விழுப்புரம் இரண்டு ஊரையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒன்றுதான் கிடைக்கும். அது என் வீடு. ஒளிந்தவன் நான். ஒளிய வைத்தவரை நானும் என் மனைவியும் மூணுசுழி அக்கா என்போம், அவர் காதில் விழாதபடி. அவருடைய நிஜப் பெயரை எழுத வேண்டி வந்தால் மூன்று முறை எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். மற்ற பிழைக்காவது மன்னிப்பு உண்டு, அவர் பெயரிலேயே பிழை விட்டால் என்ன கதி?

தனியார் பள்ளியில் பத்து வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டு, வேலையை உதறி, திண்டிவனத்தில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் வைத்து இணையதளம் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. மாதிரி வினாத்தாள், பயிற்சித்தாள், செய்முறைத் தாள் என்று ஆசிரியர்களுக்கு வேண்டியதைத் தயாரித்து விற்பேன். கோப்பு மின்னஞ்சலில் போகும். பள்ளியில் அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

தொழில் தொடங்கிய நாளிலிருந்தே ஒரு பயம். வகுப்பில் கரும்பலகையில் தப்பாக எழுதினால் டஸ்டரால் அழித்துவிடலாம். இங்கே பொத்தானை அழுத்தினால் போனது போனதுதான். கனவில்கூடப் பிள்ளைகள் தப்பான விடையை வரிசையாக நின்று ஒப்பித்தார்கள்.

"இப்படி நடுங்கறதுக்குப் பதிலா ஒரு ஆளப் போட்டுக்குங்களேன்" என்றாள் மனைவி. நானே ஒரு நோட்டீஸ் அடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு சுவரில் ஒட்டினேன்.

மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் ஏ.சி. இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். இரண்டாவது ஆள், "எதுக்கு சார் நாம தயாரிச்சிக்கினு? கூகுள்லேந்து எடுத்துப் போட்டுக்கினே இருக்கலாம்" என்று ஆலோசனை சொன்னான். மூன்றாவதாக வந்தவர் கையில் என் நோட்டீஸ் இருந்தது. சுவரிலிருந்து பசையோடு பிய்த்து எடுத்து வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, கழுத்தில் செபமாலை, மூக்கு நுனியில் கண்ணாடி. நோட்டீஸில் சிவப்பு மையால் ஏழு வட்டம்.

"இன்னா சார் இது? ஏழு தப்பு" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கணினிக்கு மொதல்ல மூணுசுழி, அப்புறம் ரெண்டுசுழி. நீங்க ரெண்டுக்கும் மூணுசுழி போட்டுக்கினு கீறீங்க. பயிற்சியில 'ற்' வந்தா பக்கத்துல இன்னொரு ஒத்து வராது. இத ஊரு பூரா ஒட்டி வெச்சிருக்கீங்க. பத்தாததுக்கு வாத்தியார்னு வேற போட்டிருக்கீங்க!"

விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் இருபது வருஷம் பிழை திருத்தியவராம். முதலாளி பத்திரிகையைவிட்டு ஃபிளெக்ஸுக்குப் போய்விட்டாராம். "ஃபிளெக்ஸுக்குப் பிழை பாக்க ஆள் வேணான்னுட்டாரு சார். ரோட்டுல பாத்தாலே தெரியும்" என்றவர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நாளைலேந்து ரயில்ல வர்றேன்" என்று எழுந்துவிட்டார். நான் அவரை வேலைக்கு எடுத்ததாக எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

பேச்செல்லாம் இன்னா, கினுதான். ஆனால் காகிதத்தைக் கையில் எடுத்தால் ஒரு ஒற்று தப்ப முடியாது. கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். நான் அச்செடுத்துத் தரவேண்டும், அவர் சிவப்பு மையில் திருத்தித் தரவேண்டும். அவர் படிக்கும்போது நான் அறையில் நிற்கமாட்டேன். பிழை கண்ணில் பட்டதும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு 'த்ச்' போடுவார். சமையலறைவரை கேட்கும். ஒரு நாள் ஒரே பக்கத்துக்குப் பதினோரு 'த்ச்' விழுந்தது. அன்றைக்குத்தான் நான் மாடிப்படிக்கு அடியில் போனது.

"அவங்க உங்ககிட்ட வேல செய்யறாங்களா, நீங்க அவங்ககிட்ட செய்யறீங்களா?" என்றாள் மனைவி. மறுநாள் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போன மளிகைச் சீட்டு சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. பிறகு அவளும் எதிர்ப்படவில்லை. "நாளை லீவு" என்று அக்காவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூட எனக்குத் தைரியம் இல்லை. போன் போட்டு வாயால் சொல்லிவிடுவேன். வாயில் சுழி தெரியாது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தது. மேம்பாலத்துக்குக் கீழே ஆளுயர பேனர். அதில் 'கொள்கைக் குன்றே' என்பதற்குப் பதிலாக, 'கொல்கை குன்றே' என்று அடித்திருந்தார்கள். அக்கா ரயிலைவிட்டு இறங்கி நடந்து வரும்போது அதைப் பார்த்துவிட்டார். பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, பட்டப்பகலில், ஜனம் பார்க்க, 'ல்'லை அடித்து 'ள்' போட்டு, விட்டுப்போன 'க்'கையும் சொருகிவிட்டு வந்து சேர்ந்தார்.

"ரெண்டு பேரு ஓடியாந்து எங்க வேல செய்யறன்னு கேட்டானுங்க சார். நம்ம அட்ரஸ சொன்னேன்" என்றார், தண்ணீர் குடித்துக்கொண்டே.

"அட்ரஸ ஏன்க்கா சொன்னீங்க?"

"கேட்டா சொல்ல வேணாமா?"

சொல்லி முடிக்கவில்லை, வாசலில் புல்லட் வண்டிச் சத்தம். வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர். ஒருவன் கழுத்தில் என் பெருவிரல் கனத்துக்குச் சங்கிலி. நான் கதவுக்குப் பின்னால் நின்று, எந்தப் பல்லை முதலில் இழப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் பேனர்ல கிறுக்குனது யாரு?"

"நான்தாம்ப்பா. வா, ஒக்காரு" என்றார் அக்கா. "கொல்லுன்னா இன்னா அர்த்தம்? சொல்லு பாக்கலாம்."

அவன் விழித்தான். "கொல்றது… ஆள முடிக்கறது."

"உங்கண்ணன் அத செய்யறவருன்னு நீயே பேனர் கட்டி வெச்சிருக்கற. போலீஸ்காரன் படிச்சா இன்னா ஆவும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கிலிக்காரன் முகத்தில் என் முகத்தில் இருந்த அதே பயத்தைப் பார்த்தேன். "ஜல்தி போய் மத்த பேனர பாருடா" என்று இன்னொருவனை விரட்டினான். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் எந்த பேனர் அடிப்பதாக இருந்தாலும் வாசகத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்து வந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

இப்படி இருந்த அக்கா ஒரு நாள் வரவில்லை. வளவனூரில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். "என் கண்ணுல படாம எதையும் அனுப்பாதீங்க சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் பதினோராம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தாளை ஒன்பது பள்ளிகள் அவசரமாகக் கேட்டன. 'த்ச்' இல்லாத வீட்டில் எனக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. நானே ஒரு முறை படித்தேன். ஒன்பது பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா வந்ததும், திருட்டுத்தனம் செய்தவன்போல அந்தத் தாளை நீட்டினேன். படித்தார். 'த்ச்' வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்கும் வரவில்லை. அவர் தலையைத் தூக்கியபோது முகம் வெளிறியிருந்தது. அவரிடம் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார், அமிலத்துல தண்ணி ஊத்தணுமா, தண்ணில அமிலம் ஊத்தணுமா?"

"தண்ணியிலதான் அமிலத்த…" என்றவன் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். 'அடர் அமிலத்தில் நீரைச் சேர்க்கவும்' என்று இருந்தது. வேற்றுமை உருபு இரண்டும் இடம் மாறியிருந்தன. அப்படி ஊற்றினால் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

போனை எடுத்தேன். எட்டுப் பள்ளிகளில் ஆள் கிடைத்தது. யாரும் இன்னும் செய்முறை வகுப்பு நடத்தவில்லை. கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்பதாவது பள்ளியில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர்கள் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள், நாளை பிற்பகல் இரண்டு மணிக்குச் செய்முறை வகுப்பு என்று. அந்த நாளை இன்று. மணி பதினொன்றரை. மின்னஞ்சல் அனுப்பினாலும் அதற்குள் யார் திறந்து பார்ப்பார்கள்?

"வண்டிய எடுங்க" என்றார் அக்கா.

அக்கா ஸ்கூட்டரில் ஏறியதே கிடையாது என்பது கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. லாரி கடக்கும்போதெல்லாம் செபத்தை உரக்கச் சொன்னார். வழி நெடுகக் கடைப் பலகைகளில் எத்தனையோ பிழை. ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. "சார், பிள்ளைங்க கண்ணு சார்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். விழுப்புரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டி என்று எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

பள்ளி வாசலில் வண்டியைப் போட்டபோது இரண்டு அடித்துப் பத்து நிமிஷம். வாட்ச்மேன் கத்தினான். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர் ஒரு கையில் என் தாளையும் ஒரு கையில் நீர்க்குடுவையையும் வைத்திருந்தாள். மேஜையில் அமிலம் ஊற்றிய முகவை. சுற்றிலும் பிள்ளைகள் தலையை நீட்டி நின்றார்கள்.

"தண்ணிய கீழ வைம்மா!" என்று வாசலிலிருந்தே அக்கா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். டீச்சர் குடுவையை வைத்தாள். தாளை மறுபடி படித்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைமையாசிரியர் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் குரல் உயரவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "இதப் பாத்து அனுப்புனது யாரு?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றார் அக்கா. "பிழை பாக்கறது என் வேல. சரியா பாக்கல. சார் மேல தப்பு இல்ல. அவரு தெரிஞ்ச ஒடனே என்ன இட்டுக்கினு ஓடியாந்தாரு."

தலைமையாசிரியர் கால்மணி நேரம் பேசினார். அக்கா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன், உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லாமல். நான் பட்ட பயங்களில் இன்றும் வெட்கப்படுவது அந்த ஒன்றுக்குத்தான்.

திரும்பும் வழியில் விழுப்புரம் எல்லை வந்ததும் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நீங்க நேத்து வரவே இல்லையே."

"உங்க பேரு கெட்டா ஒரு பள்ளிக்கூடமும் வாங்காது சார். என் பேரு யாருக்குத் தெரியும்? நீங்களே மூணுசுழின்னுதானே சொல்லிக்கினு இருக்கீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அக்கா மறுபடி செபம் சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் போனதும் அந்தத் தலைமையாசிரியருக்கு உண்மையை எழுதினேன். அனுப்புவதற்கு முன் அச்செடுத்து வைத்து, மறுநாள் காலை அக்காவிடம் காட்டி, திருத்தி வாங்கிய பிறகுதான் அனுப்பினேன். ஐந்து பிழை இருந்தது. ஐந்துக்கும் 'த்ச்' மட்டும் போட்டார். அந்தப் பள்ளி எங்களைவிட்டுப் போகவில்லை.

அதன் பிறகு ஐந்தாறு வருஷம் அவர் எங்களோடு இருந்தார். விழுப்புரத்திலிருந்து ரயில் வருகிற நேரத்துக்கு நான் தினமும் வாசலில் வந்து நிற்பேன். பயத்தில் நிற்கிறேன் என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.