மூடியில் ஒட்டிய பார்ஸ்லி இலை

கொலோனியா,
வியாழன்.

பழைய கார் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் உங்களுக்கும், என் மனைவியின் தம்பி என்ற முறையில் உனக்கும், தார்தோ எழுதும் கடிதம். இங்கே உன் அக்கா தெல்மா நலம், நாய் நலம், நான் சுமார். உன் முதுகுவலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன், எபெர்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் என் கார் ஓடியாக வேண்டும். போன வருஷம் எஞ்சின் மூடியிலிருந்து எண்ணெய் கசிந்து நடுவரின் வெள்ளை ஷூவில் சொட்டியதால் வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். அலுமினிய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்குமாம். அதனால் இந்த முறை இரண்டு மூடிகளையும் கழுவி, கை மரத்துப்போகும்வரை பாலிஷ் போட்டு, முதல் மூடிக்கு மட்டும் நிறமில்லாத வார்னிஷ் பூசினேன். அது மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் இறுக வேண்டும். சமையலறை ஓவனில் வைத்தால் உன் அக்கா என்னையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவாள். சரி, இறைச்சி சுடுகிற கம்பி வலை இருக்கிறதே என்று கொல்லையில் விறகு மூட்டி, தணல் தள்ளி, கையை மேலே நீட்டிப் பத்து எண்ணும்வரை சூடு தாங்குகிறதா என்று பார்த்து மூடியை வைத்தேன். புகை கிளம்பினால் எங்கள் தெரு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு பல்தசார் ரொட்டி, ஒயின், சொரிசோ தொத்திறைச்சி, பார்ஸ்லி இலையும் பூண்டும் மிளகாயும் எண்ணெயில் ஊறிய சிமிச்சுர்ரி ஒரு கிண்ணம் என்று எல்லாவற்றோடும் வந்து நின்றான்.

"தணலப் போட்டு, கறிய விட்டுட்டு இரும்ப வாட்டுறியே, நீயெல்லாம் உருகுவேகாரன்தானா?"

"இரும்பில்லடா, அலுமினியம்."

"அப்ப சரி, ஓரத்துல எடம் இருக்குல்ல," என்று சொரிசோவை அடுக்கிவிட்டான். அதைத் திருப்புகிற சாக்கில் கிண்ணத்தையும் மூடிமேல் சாய்த்துவிட்டான். பூண்டு, மிளகாயெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன். ஒரே ஒரு பார்ஸ்லி இலை மட்டும் ஈர வார்னிஷுக்குள் படுத்து, அப்படியே இறுகிவிட்டது.

சுரண்டி மறுபடி பாலிஷ் போட்டுப் பூச என் கையில் தெம்பில்லை. தொழிற்சாலை வைக்காத எதுவும் எஞ்சினில் இருக்கக்கூடாது என்று விதி எழுதியவனே நீதான். எனக்கு எழுபத்து மூன்று வயது, எபெர். ஒன்பது வருஷமாக அந்தக் காரோடு மல்லுக்கட்டுகிறேன். ஆற்றங்கரைச் சாலையில் ஒரே ஒரு முறை தெல்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட ஆசையாக இருக்கிறது. மறைத்து ஏமாற்ற மனம் வரவில்லை, அதனால்தான் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன். அந்த இலையை மட்டும் கண்டுகொள்ளாதே.

உன் பிள்ளைகள் செழிக்கட்டும், உன் முதுகு நிமிரட்டும், உன் விதி கொஞ்சம் வளையட்டும்.

பொய் சொல்லத் தெரியாத உன் அத்தான்,
தார்தோ

பின்குறிப்பு: இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பக் கிளம்பும்போதே ஊர்வலக் கார்களை முன்கூட்டியே சோதிக்கத் தலைநகரத்துத் தலைமை நடுவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த இலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது தொழிற்சாலை முத்திரை, நாட்டில் வேறெந்த எஞ்சினிலும் இல்லை என்று கண் கலங்கினார். நானும் தலையாட்டிவிட்டேன். கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு உடனே கிளம்பி வா. இரண்டாவது மூடியின் முத்திரையைப் பார்க்க நாளை சாயங்காலம் வருகிறாராம். பல்தசார் தணல் போட ஆரம்பித்துவிட்டான். வரும்போது ஒரு கட்டு பார்ஸ்லி வாங்கி வா.