அன்பரசன் மகன் சதீஷ்

பன்னிரண்டு சொற்களை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் அன்பரசன் காலை ஆறு மணியிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. அதில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு சொற்கள். தவளை, ஏணி, வெண்ணெய் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போகும். அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் யார் சொல்கிறாரோ அவருக்கே அன்பரசனின் பிட்காயின் சொந்தம். சீட்டு தொலைந்தால் பிட்காயினும் தொலைந்தது. மனு போட்டு நகல் வாங்குகிற வழியெல்லாம் அதில் கிடையாது.

மூன்று வருஷமாகச் சிறுகச் சிறுக வாங்கி அதை, பிட்காயின் வாங்கி விற்கிற ஓர் இணைய எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தார். போன மாதம் வேறு ஏதோ ஓர் எக்ஸ்சேஞ்சில் திருடன் புகுந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. யூடியூபில் ஒருவர் வழி சொன்னார்.

"சொந்தமா ஒரு வாலட் திறந்து அதுக்கு மாத்திடுங்க. பன்னெண்டு சொல்லு குடுப்பாங்க. அதை போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, கட்டின பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதீங்க."

இதை அன்பரசனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குத்தாலத்தில் இருபத்தைந்து வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். செத்துப்போனவர் பெயரில் இன்னொருவன் கைநாட்டு வைக்க வந்ததையும், ஒரே வயலை ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு விற்கப் பார்த்ததையும் கண்ணால் கண்டவர். மருந்துக் கடையில் போன் நம்பர் கேட்டால் ஓர் எண்ணை மாற்றித்தான் சொல்லுவார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மாற்றச் சொல்லி அழுத்திய கையோடு எக்ஸ்சேஞ்ச் செயலி, வாலட் செயலி இரண்டையும் போனிலிருந்து அழித்தார். போன் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் மிஞ்சியது சட்டைப் பைச் சீட்டு மட்டும்தான்.

மனைவி இசைவாணியிடம் சொல்ல முடியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தேக்கு மரத் திட்டத்தில் பணத்தைப் போட்டு, மரத்தையும் பார்க்காமல் பணத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தவர் அவர். இனிமேல் அவளுக்குத் தெரியாமல் ஒற்றைப் பைசா எதிலும் போட மாட்டேன் என்று அன்று வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது மகள் செம்மொழிக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாசக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். "பணத்துக்கு நான் ஆச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியும்விட்டார். அந்த நெஞ்சுக்கு மேலேதான் இந்தச் சீட்டு இருந்தது.

பீரோவை இசைவாணி திறப்பாள். அரிசி டிரம்மில் வைத்தால் எலி தின்னும். கடையில் வைக்கலாமென்றால் எதிர்க்கடைதான் மைத்துனன் பரிதியின் செல்போன் கடை. ஒரு நாள் அவன், "மச்சான், பிட்காயின்னா என்ன?" என்று கேட்டிருந்தான். அதெல்லாம் தெரியாதவன் எதற்காகக் கேட்கிறான் என்று அன்பரசனுக்கு அன்றைக்கே சந்தேகம்.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் பத்திரம் எழுத வந்த ஒருவரின் பையிலிருந்து ஒரு ஜாதகம் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது கட்டங்களை எண்ணினார். பன்னிரண்டு.

அன்பரசனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் வீட்டில் யாருக்கும் ஜாதகம் கிடையாது. அவருடைய அப்பா ஐயாவு ராகுகாலம் பார்த்து, அந்த நேரத்தில்தான் பெண் பார்க்கவே போனவர். அந்த வீட்டில் ஜாதகத்தை எவன் புரட்டிப் பார்க்கப் போகிறான்?

அந்தச் சொற்களுக்கெல்லாம் உலகத்துக்கே பொதுவாக இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் ஓர் எண். மேஷத்தில் தொடங்கி, கட்டத்துக்கு ஓர் எண் எழுதி, சந்தேகம் வராமலிருக்கப் பக்கத்தில் ஒரு கிரகத்தையும் போட்டார். கிரகம் ஒன்பதோடு தீர்ந்துவிட்டது. கட்டம் மூன்று மிச்சம். சூரியனையும் செவ்வாயையும் சனியையும் இன்னொரு தடவை போட்டு நிரப்பினார்.

மேலே பெயர் வேண்டுமே? பிட்காயினைக் கண்டுபிடித்தவருக்கு ஏதோ ஜப்பான் பெயர் சொல்கிறார்கள். அதன் சாயலில் 'சதீஷ்' என்று எழுதினார். பிறந்த தேதிக்குப் பிட்காயின் பிறந்த தேதியையே போட்டார்: 3-1-2009. தகப்பனார் பெயர் என்கிற இடத்துக்கு வந்ததும் கை தானாக ஓடியது. இருபத்தைந்து வருஷத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு ஒரு பத்திரமும் எழுதாத கை. 'குத்தாலம் ஐயாவு மகன் அன்பரசன்' என்று எழுதி முடித்துவிட்டுத்தான் நின்றது.

சீட்டை அடுப்பில் எரித்தார். ஜாதகத்தைப் பீரோவில் பழைய பட்டாக்களுக்கு அடியில் வைத்தார். அன்று ராத்திரி ஒரு மாதத்துக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார்.

நாலாம் நாள் காலையில் இசைவாணி செம்மொழியின் சான்றிதழ்களைத் தேடினாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். எதையும் படிப்படியாகத்தான் கேட்பாள்.

"ஏங்க, சதீஷ் யாரு?"

அன்பரசன் பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டார். "எந்த சதீஷ்?"

"ரெண்டாயிரத்து ஒம்பது சனவரி மூணாந் தேதி பொறந்த சதீஷ்."

"அதுவா? பத்திரம் எழுத வந்த ஒருத்தரு மகன் ஜாதகம். விட்டுட்டுப் போயிட்டாரு."

"அவரு பேரு?"

"அன்பரசன்."

"ஓகோ. அவரு அப்பா பேரு?"

"ஐயாவு."

"அவரும் குத்தாலமா?"

"முன்ன குத்தாலம். இப்பத் திருப்பனந்தாள்."

"எழுத்துகூட உங்க எழுத்து மாதிரியே இருக்கே?"

"நகல் நான்தான் எழுதிக் குடுத்தேன்."

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணுக்குத் தேடித் தேடிச் செம்மொழின்னு வச்சீங்க. அங்க மட்டும் சதீஷா?"

அன்பரசனுக்கு அந்த அழுகை மேல் நம்பிக்கை வரவில்லை. இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி நடித்து வாயைக் கிளறுகிறாள், பின்னால் பரிதி இருக்கிறான் என்று கணக்குப் போட்டார். அதனால் வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார். அவள் பள்ளிக்கூடம் போனதும் பீரோவைத் திறந்தார். பட்டாக்கள் இருந்தன. ஜாதகம் இல்லை.

இரண்டு நாள் அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டு திரிந்தார். ஒரு தடவை திறந்தும் பார்த்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டபோது, "சில்லறை இருக்கான்னு பாத்தேன்" என்றார். இதுவரை அவளிடம் சில்லறை கேட்டதே கிடையாது. அது வேறு அவள் மனசில் பதிந்துபோனது.

சனிக்கிழமை சாயங்காலம் பரிதியின் பைக்கில் வந்து இறங்கினாள் இசைவாணி. முகம் வீங்கியிருந்தது.

"திருப்பனந்தாள்ல நாலு தெரு சுத்தியாச்சு. ஐயாவு மகன் அன்பரசன்னு அங்க ஒருத்தருமில்ல."

பரிதி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மச்சான், எங்க அக்கா கேக்குதுல்ல. உண்மையைச் சொல்லிடுங்க."

"குடும்ப விஷயத்துல நீ தலையிடாத, மாப்ள."

"பாத்தியா, குடும்பம்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு!" என்றாள் இசைவாணி.

அன்பரசனின் காதில் அது ஏறவில்லை. "ஜாதகம் எங்க?"

"அங்கயே ஒரு ஜோசியர்கிட்டக் காட்டினேன்."

"நீயா? ஜோசியர்கிட்டயா?"

"நான் மட்டும் கொள்கையோட இருந்து என்ன கண்டேன்? அந்தப் பையனைப் பெத்தவ யாருன்னாவது தெரியட்டும்னு போனேன். அவரு பாத்துட்டு எந்திரிச்சே நின்னுட்டாரு. ரெண்டு சூரியன், ரெண்டு செவ்வாய், ரெண்டு சனி. ஒரு சனியவே மனுசன் தாங்க மாட்டான், இதை வீட்டுல வைக்காதீங்கம்மா, ஓடுற தண்ணில விட்டுடுங்கன்னாரு. வர்ற வழியில காவேரில விட்டுட்டேன்."

அன்பரசன் செருப்பு போடாமல் ஓடினார். பின்னால் பைக்கில் அக்காவும் தம்பியும் வந்தார்கள். ஐப்பசி மாதத் தண்ணீர் படித்துறையின் மூன்றாம் படியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. வேட்டியோடு இறங்கி, மிதந்து வந்ததையெல்லாம் பிடித்துப் பார்த்தார். ஒரு வாழையிலை, ஒரு துண்டு விளம்பரம், யாரோ விட்ட மாலை. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பாருடா பரிதி! ஜாதகம் போனதுக்கே இந்தக் குதி குதிக்கிறாரு. அந்தப் பையன் மேல எவ்வளவு பாசம்!" என்று படியில் உட்கார்ந்து இசைவாணி ஓவென்று அழுதாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அன்பரசன் கத்தினார். "பையன் இல்ல வாணி! பிட்காயின்!"

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்துவிட்டது. மகளிடம் இனி எந்த முகத்தோடு பேசுவது என்று தலையில் அடித்துக்கொண்டார். இசைவாணிக்கு முதலில் மனசு லேசாகிவிட்டது. இன்னொரு குடும்பம் இல்லை, சதீஷ் இல்லை. மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் மிச்சம் உறைத்தது.

"செம்மொழிக்குக் கட்ட வேண்டிய பணமா?"

"ஆமா."

"மொத்தமுமா?"

"ஆமா வாணி."

"இதுக்கு அந்தப் பையனே இருந்திருக்கலாம்" என்றாள் இசைவாணி.

பரிதிதான் யோசித்துச் சொன்னான். "அக்கா, அந்த ஜோசியரு போன்ல படம் எடுத்தாருல்ல?"

மறுநாள் காலையில் மூன்று பேரும் திருப்பனந்தாள் ஜோசியர் நடராசன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் படத்தைப் பெருமையோடு காட்டினார். பன்னிரண்டு எண்ணும் தெளிவாக இருந்தன. அன்பரசன் அவர் காலில் விழாத குறை.

"எங்க ஜோசியர் குழுவுலயும் போட்டிருக்கேன் சார். இருநூத்தி அம்பது பேரு. ஈரோட்டுலேர்ந்து ஒருத்தரு ராத்திரி பூரா தூங்கலயாம். பையன் உசுரோட இருக்கானான்னு கேட்டு நாலு தடவை போன் பண்ணிட்டாரு."

அன்பரசனின் முகம் வெளுத்துவிட்டது. பரிதியின் கடைக்கு வந்து, வாலட் செயலியை மறுபடி ஏற்றி, எண்களைச் சொற்களாக்கி ஒவ்வொன்றாக அழுத்தினார். வாலட் திறந்தது.

இருப்பு: பூஜ்யம்.

"போச்சு! இருநூத்தி அம்பது பேருல ஒருத்தன் அடிச்சிட்டான்!" என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பரிதியைப் பார்த்தார். "பைக்குல போறப்ப ஜாதகம் உன்கிட்டதானே இருந்துச்சு, மாப்ள?"

"மச்சான்!" பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து வரைக்கும் அது என்னன்னே எனக்குத் தெரியாதே!"

"தெரியாதவன் அன்னைக்கு ஏன் பிட்காயின்னா என்னன்னு கேட்ட?"

திங்கட்கிழமை மாவட்ட சைபர் போலீசில் புகார். மனுவை அன்பரசனே தன் கைப்பட எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். சந்தேகப்படும் நபர்கள் இருநூற்று ஐம்பத்து இரண்டு: குழுவின் இருநூற்று ஐம்பது பேர், நடராசன், பரிதி. இருநூற்று ஐம்பது ஜோசியர்களின் தகப்பனார் பெயர் கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பில் வருத்தம் தெரிவித்திருந்தார். இருநூற்று ஐம்பத்து மூன்றாவதாக ஒரு பெண்ணின் பெயரை எழுதி, கூடவே அவளும் கிளம்பிவிட்டதால் அடித்திருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து இசைவாணி அந்த அடித்தலைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

உதவி ஆய்வாளர் நஃபீசா மனுவைப் பொறுமையாக எட்டாம் பக்கம் வரைக்கும் படித்தார்.

"வாலட்ல இதுவரைக்கும் எந்த வரவும் காட்டலையே சார். எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து அனுப்பின அத்தாட்சி இருக்கா?"

"செயலியை அழிச்சிட்டேம்மா. பாதுகாப்புக்கு."

"மறுபடி ஏத்தி, உள்ள போய்க் காட்டுங்க."

அன்பரசன் செயலியை ஏற்றினார். நஃபீசாவை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார். மனைவியைக் கண்ணை மூடச் சொன்னார். போனை மேசைக்கு அடியில் வைத்துக் கடவுச்சொல்லை அடித்து, தான் பார்க்கத் தைரியமில்லாமல் அப்படியே நீட்டினார்.

நஃபீசா திரையைப் பார்த்தார். அன்பரசனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு எட்டுப் பக்க மனுவை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"சார், ஒரு காசுகூடத் திருடு போகலை, எல்லாம் எக்ஸ்சேஞ்ச்லயே பத்திரமா இருக்கு, அன்னைக்கு மாத்துறப்ப அவங்க கேட்ட ஓடிபியை நீங்க அவங்களுக்கே குடுக்கலைன்னு ரத்து பண்ணியிருக்காங்க."