மெற்றில்டாவின் மீன்கறி

"இஞ்சாரும், இந்தப் பெட்டிக்குள்ளை இருந்த சீடி எங்கை?"

அலுமாரிக்குள் தலையை விட்டபடி சிவானந்தன் கேட்டான். குசினியில் பாலேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. துருவல் நின்றால் விஷயம் பெரிது என்று பன்னிரண்டு வருடக் கலியாண வாழ்க்கை அவனுக்குச் சொல்லித் தந்திருந்தது.

"பாலேஸ்..."

"முதல்லை ஒரு தேத்தண்ணி குடியுங்கோவன்."

"எங்கை வைச்சனீர்?"

"பத்திரமாத்தான் இருக்கு. ஆனா இஞ்சை இல்லை."

சிவானந்தன் கட்டிலில் இருந்துவிட்டான். அந்தச் சீடியில் இருந்தது அவன் மூன்று வருடம் கண் முழித்துச் செய்த கொம்பியூட்டர் விளையாட்டு. கொட்டாஞ்சேனை மெற்றில்டா அம்மா வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்கு ஒரு சட்டி மீன்கறி கொண்டுபோக வேண்டும். பஸ் மாற வேண்டும், கறி சிந்தக்கூடாது, ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டும். அங்கே நிற்கிற தொந்தி சார்ஜன்ட் மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தால் அந்தப் புள்ளி போச்சு.

'சுட ஒரு துவக்கு இல்லாத விளையாட்டை எவன் விளையாடுவான்?' என்று காசு போட்ட வெளிநாட்டுக் கம்பனிக்காரர்கள் பாதியில் கைவிட்டார்கள். அவன் வேலை பார்த்த கந்தோரில் இருந்த பிரதியெல்லாம் அழிந்தது. மிஞ்சியது அந்த ஒரு சீடி.

அன்று பின்னேரம் நாலு மணிக்குச் சின்னராசா வருகிறான். கூடப் படித்தவன், ரொறன்ரோவில் இப்படி விளையாட்டுகள் விற்கிற கம்பனியில் வேலை. "ஓட விட்டுக் காட்டு மச்சான், பிடிச்சா நாங்கள் எடுக்கிறம். ஆனா நான் நாளைக்குப் போறன்" என்று சொல்லியிருந்தான்.

"போன கிழமை ரவுண்டப், வீடு வீடாச் சோதனை எண்ட உடனை கீழ்வீட்டு அஸீஸா அக்காட்டைக் குடுத்திட்டன்" என்றாள் பாலேஸ்வரி. "கொழும்பிலை இருக்கிற செக்பொயின்ற் முழுக்க அதுக்குள்ளை கீறி வைச்சிருக்கிறியள். பொலிஸ் கண்டா, சார் இது மீன்கறி எண்டு சொல்லவோ நான்?"

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளவத்தையில் சோதனை வருகிறது என்றால், தமிழ் வீடுகளில் இருந்து யாழ்ப்பாணப் படமும் மாமாவின் கடிதமும்கூட முஸ்லிம் வீட்டு அரிசி டின்னுக்குக் குடிபோய்விடும்.

கதவைத் திறந்த அஸீஸா, சீடி என்றதுமே நெஞ்சில் கைவைத்தாள்.

"அதுவா? தங்கச்சி வெளிறிப்போன மூஞ்சோட வந்து, பொலிஸ் பாத்தா முடிஞ்சிது எண்டு தந்துட்டுப் போனா. சோத்துக்கு அரிசி எடுக்கக்குள்ள எல்லாம் அதுதான் கையில தட்டுப்பட்டிச்சு. ஏலாம மஷூர்ட குடுத்துட்டேன்."

மஷூர் அவளுடைய தம்பி. மருதானையில் கொம்பியூட்டர் திருத்துகிறவன்.

"போட்டுப் பாத்திருப்பாரோ?"

"அவன் எதத்தான் போட்டுப் பாக்காம வெச்சான்!"

சிவானந்தன் அவள் வீட்டு டெலிபோனை எடுத்தான். பின்னால் ஓடிவந்த பாலேஸ்வரி காதுக்குள் சொன்னாள்: "செக்பொயின்ற் எண்டு வாய் திறக்காதையுங்கோ. ஒட்டுக் கேட்பாங்கள்."

"மஷூர் தம்பி, அக்கா தந்த... அது. உடனை கொண்டு வாங்கோ. ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம். என்னெண்டு கேட்டாலும் சொல்ல வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"காட்ட வேணாம் எண்டு இப்பவா அண்ணன் சொல்றீங்க?"

மஷூர் டெலிபோனை வைத்துவிட்டான்.

இரண்டு மணிக்கு மஷூர் வந்து சேர்ந்தான். சேர்ட்டு முழுக்க வியர்வை. கையில் ஒன்றும் இல்லை.

"சீடி எங்கை?"

"சந்திச் செக்பொயின்ற்ல. சார்ஜன் பேக்கோட வாங்கி வெச்சிட்டார்."

"ஒரு சீடிக்கோ?"

"ஒண்டு எண்டா விட்டிருப்பார் அண்ணன். நீங்க சொன்ன விதத்துல பயந்து, அறுவது சீடிக்கு நடுவுல ஒளிச்சுக் கொண்டு வந்தேன்."

"என்னெண்டு கேட்டவரோ?"

"கேட்டார். நீங்க சொல்ல வேணாம் எண்டீங்களே. சொல்லல்ல."

"ஐயோ, சொல்லாமலோ நிண்டனீர்!"

"பொறகு ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தார். மெற்றில்டா எண்டு உங்கட எழுத்து. மூஞ்சி மாறிச்சு. செஞ்ச ஆளக் கூட்டிட்டு வா எண்டார். அண்ணன், இன்னொரு விசயம்..."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்!" என்று பாலேஸ்வரி கத்தினாள்.

அவள் ஒரு பைலைத் தயார் செய்தாள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கந்தோர்க் கடிதம், கலியாண எழுத்துப் பத்திரம்.

"கலியாண எழுத்து எதுக்கு?"

"நல்ல குடும்பம் எண்டு தெரியட்டும்."

அவன் நெற்றியில் இருந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, துடைத்தால் எதையோ ஒளிக்கிறான் என்று நினைப்பார்கள் என்று சொல்லித் திரும்பப் பூசினாள். வாசலில் வைத்து மறுபடி பாதியைத் துடைத்தாள்.

சந்தியில் மண்மூட்டைக்குப் பின்னால் சார்ஜன்ட் கதிரையில் இருந்தார். அவருடைய தொந்தியைக் கண்டதும் சிவானந்தன் ஒரு அடி பின்னால் வைத்தான். விளையாட்டில் அவன் கீறிய அதே தொந்தி. ஒரு அங்குலம்கூடக் குறைவில்லை.

சார்ஜன்ட் அந்தச் சீடியைத் தூக்கிப் பிடித்து, ஐயாவுக்குப் பதில் சிங்கள 'மாத்தயா' போட்டுத் தமிழில் கேட்டார்.

"இது செஞ்சது மாத்தயாதானா?"

"ஓம் சார்" என்று சிவானந்தன் சொல்வதற்குள் பாலேஸ்வரி கலியாண எழுத்தை நீட்டிவிட்டாள். சார்ஜன்ட் அதை வாங்கி, தலைகீழாகப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, அவர்கள் வீட்டுப் பக்கம் போன ஒரு த்ரீவீலர் செக்பொயின்ற்றில் வந்து நின்றது. அரைக் காற்சட்டையோடு இறங்கினான் சின்னராசா.

"நாலு மணிக்கு வீட்டிலை எண்டாய், இஞ்சை என்னடா நிக்கிறாய்?"

சிவானந்தன் அவனைப் பார்க்கவில்லை. கைகூப்பிக்கொண்டு சார்ஜன்ட்டிடமே கொட்டித் தீர்த்தான்.

"சார், இது சும்மா விளையாட்டு. கம்பனி நிப்பாட்டிப் போட்டுது. வெளியிலை வரவே இல்லை. உலகத்திலை இந்த ஒரு சீடிதான். ஒரு மனிசரும் விளையாடேல்லை சார். அந்தச் சார்ஜன்ட்டும் சத்தியமாக் கற்பனை."

"அண்ணன், நான் சொல்ல வந்த விசயம்..." என்றான் மஷூர்.

"வாயை மூடும் தம்பி!"

சின்னராசா நீளமாக மூச்சு விட்டான். "ஒரு மனிசரும் விளையாடாத கேமை நான் என்னெண்டு மச்சான் அங்கை கொண்டுபோய் விக்கிறது?"

சார்ஜன்ட் எழுந்தார். பெல்ட்டைத் தொந்திக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். சுற்றிவரப் பார்த்துவிட்டு, சிவானந்தனின் தோளில் கையைப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மருதானைக்குத் திருத்தக் குடுத்த எங்கட ஸ்டேஷன் கொம்பியூட்டர் இந்த அம்மாவோடதான் திரும்பி வந்திச்சி மாத்தயா, நாங்க எல்லாரும் அவங்கள வெள்ளவத்தைக்குக் கொண்டு சேர்த்தாச்சி, பார்ட் டூ எப்ப வரும்?"