கரண்ட் வந்துட்ச்சி டோய்!

சொந்தப் பாட்டு எழுதுகிறவனைச் சொந்தக்காரர்கள் விசேஷத்தில் பாட விடவே கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் சாட்சி. (வந்திருந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.)

பாகூர் பக்கம் எங்கள் ஊர். நானும், செல்லிப்பட்டு அன்புவும், வில்லியனூர் ஜோசப்பும் காலேஜ் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒட்டிக்கொண்டவர்கள். நான் கிடார், அன்பு மவுத் ஆர்கன், ஜோசப் டிரம்ஸ். வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டை போனில் கேட்டுக் கேட்டு, நாமும் ரூட்ஸ் ராக் பண்ணலாம் என்று ஜோசப்தான் கிளப்பிவிட்டான்.

"ரூட்ஸ்னா வேருடா. நம்ம மண்ணுல இன்னா நடக்குதோ, நம்ம பாஷையில அத்த அப்படியே பாடணும்."

காதலைப் பாடலாம் என்றால் மூவருக்கும் முன்அனுபவம் இல்லை. எங்கள் மண்ணில் எல்லோரும் நெஞ்சு துடிக்கக் காத்திருந்தது ஒன்றுக்குத்தான்: த்ரீ ஃபேஸ் கரண்ட். வீட்டு விளக்குக்கு ஒரு ஃபேஸ் போதும். கழனி மோட்டார் ஓட மூன்றும் வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததை முதலில் பார்த்தவர் தெருவில் நின்று கத்துவார். சோற்றில் கை வைத்திருப்பவர்கூட அப்படியே எழுந்து மோட்டார் கொட்டகைக்கு ஓடுவார். காதலிக்காக இப்படி ஓடிய ஒரு ஆளை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை.

ஆகவே எங்கள் முதல் பாட்டு 'கரண்ட் வந்துட்ச்சி டோய்!' ஆரம்பத்தில் இசையே கிடையாது. தெருவில் கத்துவது போலவே நான் வெறும் குரலில் கத்த வேண்டும், பிறகுதான் டிரம்ஸ். அந்தக் கத்தல் அச்சு அசல் அப்படியே வரவேண்டும் என்று சவுக்குத் தோப்பில் நின்று தொண்டை கட்டும்வரை பழகினேன். (கெட்டது குடி!)

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் பேசி முடியும் நேரத்தில் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக வந்த பக்கத்து ஊர் கரியமாணிக்கத்து மாப்பிள்ளையை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் போன் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அப்படிப்பட்டவள்தான் எங்களுக்காக அப்பாவிடம் வாதாடினாள்.

"என் நிச்சயத்துக்கு என் தம்பி பாடாம வேற யாருப்பா பாடுவாங்க?"

"பாடட்டும். ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சி, கிடார அடுப்புல வெச்சிடுவேன்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பந்தலில் நின்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பாவுடைய கழனி தெரியும். மழையில்லாமல் அது வெடித்துக் கிடந்ததும் தெரியும். மனிதர் பட்டு வேட்டியில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார், பார்வை மட்டும் கழனியில் இருந்தது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் பசங்கள் ஒரு பாட்டு பாடட்டும் என்று யாரோ புண்ணியவான் சொன்னார்.

ராக் பாடகர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் மூடிக்கொண்டேன். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊரையே அதிரவைக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கரண்ட் வந்துட்ச்சி டோய்! த்ரீ ஃபேஸும் வந்துட்ச்சி டோய்!"

நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. எழுந்து ஆடுகிறார்கள் என்று எனக்குப் புல்லரித்தது. ஜோசப்பும் புல்லரித்துப்போய் வேகத்தைக் கூட்டினான். கண்ணைத் திறந்தபோது கடைசி பைக் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பந்தலில் மிச்சம் பெண்கள், வீடியோக்காரர், பாதி எழுந்த நிலையில் மாப்பிள்ளை. அவர் சட்டையை அவருடைய அம்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா மேடைக்கு வந்தார். "சம்பந்தி எங்கடா?"

"மோட்டார் போட போயிருக்காரு போல."

"கரண்டு வந்துதா?"

"இல்லப்பா. பாட்டுப்பா அது."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் அப்பாவுக்கு போன் போட்டார். அது ஜமக்காளத்திலேயே ஒலித்தது. பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. பெண்கள் பக்கம், இந்தச் சம்பந்தமும் போச்சா என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, மைக்கில் கேட்டது.

அப்போது அக்கா எழுந்து வந்தாள். பட்டுப்புடவையும் மாலையுமாக என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"மாமா, நான்தான் பேசறேன். கரண்ட்லாம் வரல. என் தம்பி பாட்டு பாடறான், அவ்ளோதான். நேரம் ஆவுது, வந்து தட்ட மாத்துங்க மாமா."

கல்யாணப்பெண் மைக்கில் பேசி எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஓடாத மோட்டாருக்கு எதிரில் நின்ற மாமாவின் (மாப்பிள்ளையின் அப்பாதான்) காதில் அது விழுந்துவிட்டது. முழங்கால்வரை புழுதியோடு வந்தார், பின்னாலேயே ஓடிப்போன மற்றவர்களும் வந்தார்கள். கையைக் கழுவி, பன்னிரண்டு அடிப்பதற்குள் தட்டை மாற்றினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் சபையைப் பார்த்துக் கேட்டார். "யாருடா அந்தப் பாட்டு கட்னது?"

அத்தனை விரல்களும் என் பக்கம் திரும்பின. எங்கள் ஊரில் அப்படியொரு ஒற்றுமை வேறு எதற்கும் வந்ததில்லை.

"நல்லா கீதுபா. என்னையே ஓட வெச்சிட்ட. இன்னொரு வாட்டி பாடு, இந்தத் தபா ஒருத்தரும் நகர மாட்டோம்."

பாடினோம். ஊரே கைதட்டியது. இரண்டாவது சரணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, கழனியிலேயே தங்கிவிட்டவர், பைக்கை நிறுத்தக்கூட நேரமில்லாமல் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"கரண்ட் வந்துட்ச்சி டோய்!"

பந்தல் குலுங்கச் சிரித்தார்கள். தாளம் தப்பாமல் கத்துகிறாரே என்று மாமாவே அவரை மைக்குக்கு இழுத்துவந்தார். "நெஜமா வந்துட்ச்சி அண்ணே!" என்று அவர் கதறக் கதற, அன்பு மவுத் ஆர்கனில் பதில் வாசித்தான். பந்தி முடிந்து மாமா கழனிக்குப் போனபோது கரண்ட் வந்து, போயும் விட்டிருந்தது.

எங்கள் குழுவுக்கு 'த்ரீ ஃபேஸ்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். கோயில் திருவிழாக்களில் இப்போது எங்களைக் கூப்பிடுகிறார்கள், பயிர் காயாத மாதமாகப் பார்த்து. அக்கா வீட்டில் மட்டும், கரண்ட் வந்துட்ச்சி என்று யார் கத்தினாலும் ஒருவரும் அசைவதில்லை. "பாட்டு இல்ல மாமா, நெஜம்" என்று அக்கா சொன்னால்தான் மாமா செருப்பைத் தேடுகிறார்.