சங்கிலி அண்ணையும் காந்த டிறில்லும்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் இரும்பு வேலை செய்யும் தமிழர்களுக்குள், காந்தத்தை ஒருநாளும் நம்பாத மனிதர் சங்கிலி அண்ணை ஒருவர்தான். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பயப்படுவதை மட்டும்தான் முழுதாகக் கற்றேன். அவருக்குப் பக்கத்தில் நின்றால் என்னையும் வீரன் என்பார்கள்.

காந்த டிறில் என்பது இரும்பில் துளை போடும் இயந்திரம். கறண்ட் இருக்கும்வரை அடியில் உள்ள காந்தம் இரும்பைக் கவ்விப் பிடிக்கும். கறண்ட் போனால் கைவிட்டுவிடும். அப்போது விழாமல் இரும்போடு சேர்த்துக் கட்ட, பெட்டியோடு ஒரு சங்கிலி வரும். மற்றவர்கள் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அண்ணை கட்டுவார். கோயிலுக்குப் போனால் இரண்டு செருப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கும்பிடுவார்.

ஒருமுறை, கூரை உத்தரத்தின் அடிப்பக்கத்தில் துளை போடும் வேலை என் தலையில் விழுந்தது. டிறில் தலைகீழாகத் தொங்கும். நேர் கீழே நான். இரண்டு இரவு நித்திரை இல்லை.

அதற்காகப் புது டிறில் வாங்க முதலாளி ஒரு விற்பனையாளரை அழைத்தார். வெள்ளிக்கிழமை, மேசையில் கேக். விற்பனையாளர் மேசைக்கு மேலிருந்த இரும்புச் சட்டத்தில் டிறில்லைத் தலைகீழாக ஒட்டவைத்தார்.

"மூன்று பேர் தொங்கினாலும் விழாது."

"கறண்ட் போனால்?" அண்ணை டேனிஷில் கேட்டார்.

"டென்மார்க்கில் கறண்ட் போகாது."

அண்ணை சுவரடிக்குப் போய்ப் பிளக்கைக் கழற்றினார். டிறில் புரண்டு விழுந்து கேக்கின் நடுவில் குத்திட்டு நின்றது.

"போய்விட்டது," என்றார் அண்ணை. "கறண்ட் இல்லாமலும் பிடிக்கிற காந்தம் உள்ளதை வாங்குவோம்."

"அது பாரம் கூட," என்ற முதலாளி கேக்கைக் குனிந்து பார்த்தார். "துளை சுத்தமாக இருக்கிறது. இதையே எடுப்போம்."

திங்கட்கிழமை நான் சாரத்தில் ஏறினேன். அண்ணை முதலில் உத்தரத்தின் பெயின்டைச் சுரண்டினார், காந்தம் வெறும் இரும்பில் படவேண்டுமாம். பிறகு சங்கிலியைக் கட்டினார். கீழே இறங்கிப் போய், பிளக்கைக் கையால் அழுத்திக்கொண்டு சுவரோடு நின்றார். அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பொயின்ட். கோப்பி நேரம் வந்தால் டேனிஷ்காரர் எதையும் கழற்றிவிட்டுக் கோப்பி மெஷினைச் செருகுவார்கள்.

"அண்ணை, அதுதான் சங்கிலி கட்டியிருக்கெல்லே?"

"சங்கிலியை ஆர் நம்பினது? நீ துளையைப் போடு."

கோப்பிக்கு ஆட்கள் வந்தார்கள், கெஞ்சினார்கள், ஏசினார்கள். அண்ணை அசையவில்லை.

"நீங்கள் போய்க் குடிச்சிட்டு வாங்கோ அண்ணை."

"நீ இறங்கு, குடிப்பம்."

கடைசித் துளை போட்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன். நான் பயப்பட மறந்திருந்தேன்.