மருமகள் நம்பிய 'போதும்'

முதல் 'போதும்'ஐ நம்பிவிடுகிற வீட்டில் யாழ்ப்பாணத்தான் பட்டினிதான் கிடப்பான். நான் கிடந்தேன். 2009இல், லண்டனில், சட்டன் பகுதியில், அதுவும் சொந்த மகன் வீட்டில்.

மனைவி போனபிறகு மகன் ரவி என்னைத் தன்னோடு கூட்டிவந்தான். அவன் மனைவி ஹனாக்கோ ஜப்பான்காரி, தங்கமான பிள்ளை. ரவிக்கு இரவு ஷிப்ட் (பகலில் அவன் குறட்டைதான் எனக்குப் பேச்சுத்துணை). மேசையில் நானும் அவளும் மட்டும். அவளுக்குச் சில தமிழ்ச் சொற்கள்தான் தெரியும். என் ஆங்கிலம் பஸ் ஏறி இறங்கத்தான் காணும்.

சின்னக் கோப்பையில் சோறு, ஒரு துண்டு மீன், தீப்பெட்டி அளவில் தோஃபு என்கிற சோயாக் கட்டி. ருசிக்குக் குறையில்லை. முடிந்ததும் "மாமா?" என்று சோற்றுச் சட்டியைக் காட்டுவாள். "போதும், போதும்" என்று கோப்பையைக் கையால் மறைப்பேன். எங்கள் ஆட்கள் என்றால் கையை விலக்கிவிட்டுக் கொட்டுவார்கள். இவளோ மரியாதையாகத் தலையைக் குனிந்து சட்டியை மூடிவிடுவாள். (இன்னொரு தரம் கேளன் பிள்ளை!)

டாக்டர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்து, கலோரியும் காணாது, புரதமும் காணாது என்றார். ஹனாக்கோவின் முகம் வாடிவிட்டது. சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து என்னை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவார்களோ என்று பயந்து, நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயில். மகனும் மருமகளும் காரை நிறுத்தப் போக, நான் முருகனுக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு அன்னதான வரிசைக்கு ஓடினேன். ஒருமுறை சாப்பிட்டேன். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுப் போனேன். பிறகு தொப்பி போட்டுக்கொண்டு போனேன். பரிமாறிய செல்லத்துரை பழைய சிநேகிதன்.

"அண்ணை, தொப்பி போட்டா ஆள் தெரியாதோ? மருமகள் சாப்பாடு தாறேல்லையோ?"

"சத்தம் போடாதையடா, நல்லாத் தாறாள்!"

திரும்பினால் பின்னால் ரவியும் ஹனாக்கோவும். அவள் கண் கலங்கியிருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"தன்ர சமையல் சரியில்லையோ எண்டு கேக்கிறாள் அப்பா," என்றான் ரவி.

"ஐயோ, இல்லை! நான் போதும் எண்டா விடக்கூடாதெண்டு சொல்லு. கொம்மா ஒருநாளும் விட்டதில்லை."

ரவி சொல்லத் தொடங்கினான். 'கொம்மா', அதாவது தன் அம்மா, வந்த இடத்தில் பேச்சை விட்டுவிட்டு, தன் ஒரு கையை மறு கையால் விலக்கிச் சோறு கொட்டுவதுபோல் காட்டினான். அவளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் மேசையில் எனக்குச் சலாட் கிண்ணத்தில் சோறு, முழு மீன், செங்கல் போல் தோஃபு. உண்மையிலேயே வயிறு நிறைந்து "போதும்" என்றேன். ஹனாக்கோ என் கையைப் பிடித்து விலக்கிவிட்டுக் கொட்டினாள். மனைவி போனபின் என் கையை ஒருவர் பிடித்தது அன்றுதான். கொட்டியதை முழுக்கச் சாப்பிட்டேன்.

இப்போது எடையைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். யார் கேட்கிறார்கள்? விருந்துக்கு ஆட்கள் வந்தால் அவளே தமிழில் கதையைச் சொல்லி, பிறகு பிறந்த, என்னை அப்பப்பா என்கிற பேரப்பிள்ளைகளுக்கு உத்தரவும் போடுவாள்: "அப்பப்பா போதும் எண்டா, பிடியுங்கோ கையை!"